கம்போடியாவில் குழந்தைகள் இல்லத்தில் ஒரு வருடம்: குடும்பத்தோடு போய் வந்தவர்கள் இருக்கிறீர்களா?

தேக்கா:
எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் இருக்கிறோம். அடுத்த வருடம் எனக்கும் மனைவிக்கும் சம்பளமில்லாத விடுப்பு கிடைக்கும் போலிருக்கிறது. பையனுக்கு 9 வயது, பெண்ணுக்கு 7. நாலு பேரும் சியம் ரீப் பக்கம் போய், ஆதரவற்ற குழந்தைகள் இல்லம் ஒன்றில் ஒரு வருடம் வேலை செய்யலாம் என்று ரொம்ப நாளாக ஆசை. ஒரு ஏஜென்சியில் பேசினோம். இடம் பார்த்துக் கொடுப்பது, தங்குவது, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரு தொகை சொன்னார்கள். கொஞ்சம் மலைப்பான தொகைதான். முன்பணம் கட்டிவிட்டோம். பள்ளிக்கூடம், விசா, சாப்பாடு, பாதுகாப்பு என்று எது தெரிந்தாலும் சொல்லுங்கள். திட்டுவதாக இருந்தாலும் திட்டுங்கள்.

உப்புக்காற்று:
நல்ல மனசு சகோ. எங்கள் வீட்டில் பிள்ளைகளை டேப்லெட்டை விட்டுப் பிரிப்பதே பெரிய பாடாக இருக்கிறது. போய் வந்து எழுதுங்கள்.

நொய்யல்:
நாங்கள் போனோம். 2018 ஜூனில் கோவையிலிருந்து கிளம்பி 2019 மே மாதம் திரும்பினோம். நான் பள்ளி ஆசிரியை, வீட்டுக்காரர் கணக்கு வழக்கு பார்க்கிறவர். பையன் எட்டாவது முடித்திருந்தான், பெண் மூன்றாவது. எங்களை அனுப்பியதும் நீங்கள் சொல்கிற மாதிரி ஒரு ஏஜென்சிதான். பெயர் வேண்டாம்.

இல்லம் ஊருக்கு வெளியே செம்மண் ரோட்டில் இருந்தது. 34 குழந்தைகள். வண்டியிலிருந்து இறங்கியதுமே நாலு வயதுப் பெண் ஒன்று ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டது. யார், என்ன என்று எதுவும் இல்லை. அப்படியே தொங்கிக்கொண்டு பின்னாலேயே வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கு ராத்திரியே படத்தை முகநூலில் போட்டேன், ஊரே வாழ்த்தியது. சில பேர் பணமும் அனுப்பினார்கள், அதையும் இல்லத்தில்தான் கொடுத்தேன். ரெண்டு வாரம் கழித்து ஒரு டச்சு மாணவி வந்தாள். அந்தப் பெண் அதே மாதிரி ஓடிப்போய் அவள் காலைக் கட்டிக்கொண்டது. ஜூலை, ஆகஸ்டில் வெளிநாட்டு மாணவர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். ஒவ்வொரு கூட்டம் வந்தபோதும் இதேதான். எனக்கு முதலில் வந்தது பொறாமை. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

சாயங்காலம் ஐந்து மணிக்குச் சுற்றுலாப் பயணிகளோடு வேன் வந்தால் பிள்ளைகள் நடனம் ஆடவேண்டும். வீட்டுப்பாடம் பாதியில் இருந்தாலும் எழுந்து போகவேண்டும். 'குழந்தைகளுக்கு ஆடப் பிடிக்கும்' என்பார் இல்லத்து இயக்குநர். பிடிக்கும்தான். தினமுமா?

அக்டோபரில் ப்சும் பென் வந்தது. நம் மகாளய பட்சம் மாதிரி, பதினைந்து நாள் முன்னோர்களுக்குப் படைக்கிற காலம். அமாவாசையில் முடியும். அந்த வருடம் நம் மகாளய அமாவாசையும் அதேதான். விடிவதற்கு முன்னால் பகோடாவைச் சுற்றிச் சோற்று உருண்டை வீசுவார்கள். வாழையிலையில் சுற்றிய நும் அன்சாம் என்கிற ஒட்டரிசிப் பணியாரம் வீட்டுக்கு வீடு இருக்கும். அதற்கு ரெண்டு நாள் முன்னால் காலையில் இல்லத்துக்குப் போனால், பிள்ளைகள் பை கட்டிக்கொண்டிருந்தார்கள். பெரிய பையன்கள் தம்பி தங்கைகளின் துணியை மடித்து அரிசி மூட்டைப் பைகளில் திணித்துக்கொண்டிருந்தார்கள். சமையல்கார அம்மாவிடம் எங்கே போகிறார்கள் என்று கேட்டேன். பானையைக் கழுவிக்கொண்டே 'தோவ் ப்தேயா' என்றார்.

வீட்டுக்குப் போகிறார்கள்.

34 பேரில் 21 பேர். வாசலில் மோட்டார் சைக்கிளோடு அப்பாக்கள், சித்தப்பாக்கள், ஒரு பாட்டி. என் காலைக் கட்டிக்கொண்ட பெண்ணை அவள் அம்மாவே வந்து தூக்கிக்கொண்டு போனாள். 'ம்மாக்' என்று கூப்பிட்டுக்கொண்டே போயிற்று அது. நாலு மாதமாக நான் அநாதை என்று எழுதிக்கொண்டிருந்த குழந்தை.

கை வலிக்கிறது. மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

மூணாம்மாடி:
அக்கா எழுதியது அங்கே ஒரு இல்லத்துக் கதை மட்டும் இல்லை. 2005-இல் கம்போடியாவில் 154 குழந்தைகள் இல்லங்கள் இருந்தன, 2010-இல் 269. உள்நாட்டுப் போர் முடிந்து பல வருடம் கழித்து, பொருளாதாரம் வளர்ந்துகொண்டிருந்தபோது. அநாதைகள் குறையவேண்டிய காலத்தில் இல்லங்கள் கூடியிருக்கின்றன. கூடவே கூடியது சுற்றுலாப் பயணிகள். அரசாங்கமும் யுனிசெஃபும் சேர்ந்து பிறகு கணக்கெடுத்ததில், இல்லங்களில் இருந்த 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் ஐந்தில் நாலு பேருக்கு அப்பாவோ அம்மாவோ யாராவது ஒருவர் உயிரோடு இருந்தார்கள். 2017-இல் வெளியான கணக்குப்படி 406 இல்லங்கள், அதில் 16,500க்கும் மேல் பிள்ளைகள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இல்லம்தான் கடைசி வழி என்று 2006-லேயே அந்த அரசாங்கம் கொள்கை வகுத்துவிட்டது. 2015-இல் இல்லங்களுக்கென்று தனி ஆணையும் போட்டார்கள். 30 சதவீதப் பிள்ளைகளை 2018-க்குள் குடும்பத்தோடு சேர்ப்பது என்று இலக்கும் வைத்தார்கள். காசு கொடுக்க வெளியிலிருந்து ஆள் வந்துகொண்டே இருந்தால் காகிதத்தில் இருக்கிற கொள்கை என்ன செய்யும்?

கரிசல்காடு:
எல்லாரும் ஒரே பக்கமாகப் பேசுகிறீர்கள். நான் ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை விடுதியில் வளர்ந்தவன். அப்பா கிடையாது, அம்மாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸில் வேலை. விடுதி இல்லையென்றால் நான் இன்றைக்கு இங்கே தட்டச்சிக்கொண்டிருக்க மாட்டேன். எனக்கும் அம்மா உயிரோடுதான் இருந்தார். அதற்காக என்னைச் சேர்த்தவர்கள் எல்லாம் திருடர்களா? மூணு வேளை சோறும் பள்ளிக்கூடமும் கிடைக்கிற இடத்தை வெளிநாட்டிலிருந்து வந்து குறை சொல்வது சுலபம். பசி தெரிந்தவனைக் கேளுங்கள்.

நொய்யல்:
கரிசல்காடு அண்ணா, இந்தக் கேள்வி எனக்கும் வந்தது. இயக்குநரிடம் நான் சண்டைக்குப் போனபோது அவரும் இதையேதான் சொன்னார்: 'வீட்டில் இருந்தால் இந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகாது.' அதில் பொய் இல்லை.

ஆனால் உங்களைச் சேர்க்கும்போது விடுதியில் உங்கள் அம்மாவைச் செத்துப்போனவள் ஆக்கினார்களா? லீவுக்கு வீட்டுக்குப் போனால் யாராவது ஒளித்தார்களா? வாரத்துக்கு ஒரு புது ஆள் வந்து உங்களைத் தூக்கி வைத்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்களா? எங்கள் இல்லத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கதை எழுதி வைத்திருந்தார்கள், ஆங்கிலத்தில். என் காலைக் கட்டிக்கொண்டவளின் கதையில் அப்பா அம்மா ரெண்டு பேரும் இல்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். ஏஜென்சி எங்களிடம் வாங்கிய பணத்தை அந்தச் சமையல்கார அம்மாவின் மாதச் சம்பளத்தால் வகுத்து வீட்டுக்காரர் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். என்னிடம் சொல்லவில்லை, நானாகத்தான் பார்த்தேன். 31 என்று எழுதிச் சுழித்திருந்தார். 31 மாதச் சம்பளம். நாங்கள் நாலு பேரும் சேர்ந்து அந்த அம்மா ஒருத்தி செய்த வேலையில் பாதிகூடச் செய்யவில்லை.

கரிசல்காடு:
லீவுக்குப் போவேன். அம்மா மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருவார், சேவு பொட்டலத்தோடு. ஒளிக்கவெல்லாம் இல்லை. சரி, அது வேறுதான். ஆனால் அந்தக் குடும்பங்களுக்கு வேறு வழி என்ன என்று சொல்லாமல் இல்லத்தை மூடு என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இரவுப்பணி:
குழந்தைகள் வார்டில் நர்சாக இருக்கிறேன், அதனால் ஒன்று சொல்லவேண்டும். முன்பின் தெரியாதவரை நாலு வயதுக் குழந்தை ஓடிவந்து கட்டிக்கொள்வது பாசம் இல்லை. நம் வீட்டுக் குழந்தை புது ஆளைப் பார்த்தால் அம்மா முந்தானைக்குப் பின்னால் ஒளியும், அதுதான் சரியான வளர்ச்சி. எத்தனையோ பேர் வந்து வந்து போனதில் யாரிடம் ஒட்டுவது என்றே தெரியாமல் எல்லாரிடமும் ஒட்டுகிற குழந்தையைத்தான் அக்கா பார்த்திருக்கிறார்.

ருமேனியாவில் 2000-ஆம் ஆண்டுவாக்கில் புக்காரெஸ்ட் ஆய்வு என்று ஒன்று தொடங்கினார்கள். இல்லங்களில் இருந்த 136 சின்னக் குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள், மீதிப் பேர் இல்லத்தில். குடும்பத்துக்குப் போன குழந்தைகள் அறிவு வளர்ச்சியில் முன்னால் போனார்கள், அதுவும் ரெண்டு வயதுக்குள் போனவர்கள் இன்னும் நன்றாக. நல்ல சாப்பாடும் சுத்தமான படுக்கையும் அதை ஈடுகட்டவில்லை. ஒரே ஆள் தினமும் வரவேண்டும், அவ்வளவுதான் விஷயம். மூணு மாதம் கொஞ்சிவிட்டு விமானம் ஏறுகிறவர் அந்தக் குழந்தைக்கு இன்னொரு பிரிவு.

தேக்கா:
படிக்கப் படிக்க வயிற்றைக் கலக்குகிறது. எங்கள் ஏஜென்சி அனுப்பிய கையேட்டில் முதல் பக்கமே ஒரு வெள்ளைக்காரப் பெண் மடியில் மூணு பிள்ளைகளோடு சிரிக்கிற படம். மனைவியிடம் இந்த இழையைக் காட்டினேன். 'அந்த அக்கா மீதி ஏழு மாதம் என்ன செய்தார் என்று கேள்' என்கிறாள்.

நொய்யல்:
மீதி ஏழு மாதத்தில் முதல் மூணு வாரம் ஒன்றும் செய்யவில்லை. வாடகை வீட்டில் உட்கார்ந்து அழுதேன். இல்லத்தை விட்டு வருவதுகூட லேசாக இல்லை. நான் போனால் அந்தக் குழந்தைக்கு நானும் ஒரு டச்சு மாணவிதானே. கடைசி நாள் அது என்னைத் தேடும் என்று நினைத்துக்கொண்டே போனேன். அது புதிதாக வந்த ஒரு தம்பதியோடு விளையாடிக்கொண்டிருந்தது.

அப்புறம் வீட்டுக்காரர்தான் ஒரு இடம் பிடித்தார். கெமர்காரர்களே, அதாவது அந்த நாட்டு மக்களே நடத்துகிற சின்ன அமைப்பு. இல்லம் கிடையாது. கிராமங்களில் பாட்டி தாத்தாவிடம் இருக்கிற பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். அந்தப் பக்கம் இது பெரிய கதை. சியம் ரீப்பிலிருந்து 150 கிலோமீட்டர் போனால் போய்பெட், அதைத் தாண்டினால் தாய்லாந்து. நுண்கடன் வாங்கி நிலத்தை அடகு வைத்தவர்கள் கட்டட வேலைக்கு அங்கே போய்விடுகிறார்கள். பிள்ளைகள் பாட்டியிடம். கரிசல்காடு அண்ணா கேட்ட 'வேறு வழி' இங்கேதான் தொடங்குகிறது. அந்தப் பாட்டிக்கு மாதம் ஒரு அரிசி மூட்டை, பிள்ளைக்கு ஒரு சைக்கிள், வாரம் ஒருமுறை எட்டிப் பார்க்கிற சமூகப் பணியாளர். இது இருந்தால் பாதிப் பேர் பிள்ளையை எங்கேயும் அனுப்ப மாட்டார்கள் என்று அங்கே வேலை செய்தவர்கள் சொன்னார்கள். எல்லா வீட்டிலும் சரிவரவில்லை. குடித்துவிட்டு அடிக்கிற தாத்தா வீட்டுப் பிள்ளைகளை வேறு உறவினர் வீட்டில் விடவேண்டியிருந்தது, அதற்கு நாலு மாதம் அலைந்தார்கள்.

நாங்கள் என்ன செய்தோம் என்றால், முதல் நாளே அங்கிருந்த பெண் சொல்லிவிட்டார்: 'பிள்ளைகளோடு உங்களுக்கு வேலை இல்லை.' முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. வீட்டுக்காரருக்குக் கணக்கு வேலை. டாலர், ரியல் ரெண்டும் புழங்குகிற ஊர், ஒரு டாலருக்கு ஏறக்குறைய 4,000 ரியல். சந்தையில் டாலரில் கொடுத்தால் மீதியை ரியலில் தருவார்கள். ரசீதும் கெமர் எழுத்தில். மூணு வருடக் கணக்கு ஒரு அட்டைப்பெட்டியில் கிடந்தது. எனக்கு அந்தச் சமூகப் பணியாளர்களுக்கு ஆங்கிலத்தில் அறிக்கை எழுதச் சொல்லித் தருகிற வேலை, வாரம் நாலு நாள் சாயங்காலம். என்னை 'நேக் க்ரூ' என்றார்கள், டீச்சரம்மா என்று அர்த்தம். நம் குருதான் அங்கே க்ரூ. அந்த எழுத்தே பல்லவ எழுத்திலிருந்து போனதுதான். அதைச் சொன்னபோது அவர்கள் என்னைவிடச் சந்தோஷப்பட்டார்கள்.

கிராமத்துக்கு நான் மொத்தம் ரெண்டு தடவைதான் போனேன், அதுவும் பணியாளரோடு, கேமரா இல்லாமல். ஒரு பாட்டி வீட்டில் பிள்ளை எங்களைப் பார்த்ததும் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. போகும்வரை வெளியே வரவே இல்லை. இரவுப்பணி எழுதியதைப் படித்ததும் அந்தத் தூண்தான் ஞாபகம் வந்தது.

உப்புக்காற்று:
அக்கா, அப்போ வெளியாட்கள் பணம் திரட்டுவதே தப்பா? சுற்றுலா வருகிறவர்களிடம்தானே காசு இருக்கிறது?

நொய்யல்:
தப்பில்லை. அதே ஊரில் அதற்கு ஒரு உதாரணம் பார்த்தேன். கந்தா போபா என்ற குழந்தைகள் மருத்துவமனை, வைத்தியம் முழுக்க இலவசம். நடத்தியவர் பேயாட் ரிஷ்னர் என்ற சுவிஸ் டாக்டர். சனிக்கிழமை ராத்திரி சியம் ரீப் மருத்துவமனை அரங்கில் அவரே செல்லோ வாசிப்பாராம். கேட்க வருகிற பயணிகளிடம் பணம் கேட்பார், இளைஞர்களிடம் ரத்தம் கேட்பார். அவர்கள் பார்த்தது ஒரு டாக்டரும் ஒரு வாத்தியமும். காசுக்காக எந்தக் குழந்தையும் மேடை ஏறவில்லை. நாங்கள் போனபோது அவர் உடம்பு முடியாமல் ஊருக்குத் திரும்பியிருந்தார். அந்த செப்டம்பரிலேயே இறந்துவிட்டார். தெருவில் ரெமோர்க் (அந்த ஊர் ஆட்டோ) ஓட்டுகிறவர்கூட அவரைப் பற்றிப் பேசினார். எங்கள் பெண்ணுக்கு டெங்கு வந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் முதலில் சொன்ன இடமும் அதுதான்.

மூணாம்மாடி:
அரசாங்கங்கள் இதைக் கவனிக்கத் தொடங்கியதும் அந்த வருடங்களில்தான். ஆஸ்திரேலியா 2018-இல் நவீன அடிமைமுறைச் சட்டம் கொண்டுவந்தபோது, லாபத்துக்காகப் பிள்ளைகளை இல்லங்களில் சேர்ப்பதையும் கடத்தலின் ஒரு வகையாகப் பேசினார்கள். 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானமும் இல்லத் தன்னார்வப் பணியால் வருகிற கெடுதலைக் குறிப்பிட்டது. தேக்கா, உங்கள் ஏஜென்சிக்கு இதெல்லாம் தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை.

நொய்யல்:
(இது அம்மா ஐடி, எழுதுவது பையன்.)

அம்மா சொல்லாததை நான் சொல்கிறேன். அந்த இல்லத்தில் எனக்கும் அப்பாவுக்கும் கொடுத்த முதல் வேலை சுவருக்குப் பெயின்ட் அடிப்பது. மஞ்சள். அடிப்பதற்கு முன்னால் சுரண்டினால் கீழே நீலம், அதற்குக் கீழே பச்சை, அதற்குக் கீழே இன்னொரு மஞ்சள். எல்லாம் எங்களை மாதிரி வந்தவர்கள் அடித்தது. என் வயதுப் பையன் ஒருவன் ஏணியைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டே இருந்தான். 'அடுத்த தடவை என்ன கலர்' என்று கேட்டான். அவனுக்கு எங்களைவிட நன்றாகப் பெயின்ட் அடிக்கத் தெரியும்.

படிப்பு கேட்டிருந்தீர்கள். வீட்டிலேயே அம்மாவிடம் படித்தேன், திரும்பி வந்து ஒன்பதாவதில் சேர்ந்தேன். கணக்கில் அடி வாங்கினேன். தங்கைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு சுற்றி மூணு மாதத்தில் கெமர் பேச ஆரம்பித்துவிட்டாள். எங்கள் நாலு பேரில் உண்மையிலேயே அந்த ஊரில் வாழ்ந்தவள் அவள்தான். அவளுக்கு யாரும் சேவை என்று சொல்லிக் கொடுக்கவில்லை, கோலி விளையாடப் போனாள்.

தேக்கா:
தம்பி, பெயின்ட் கதையை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசவே இல்லை.

ரெண்டு கேள்வி. நாங்கள் இல்லத்துக்குப் போகவில்லை என்று முடிவு செய்துவிட்டோம். நான் ஐ.டி., மனைவி பேச்சுப் பயிற்சியாளர், வாய் திக்குகிற குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுப்பவர். எங்களுக்கு அங்கே ஏதாவது உபயோகம் இருக்குமா? இன்னொன்று, கேட்கலாமா தெரியவில்லை. அந்தக் குழந்தை இப்போது எங்கே?

நொய்யல்:
மனைவிக்குக் கட்டாயம் இருக்கும், ஆனால் நேரடியாகப் பிள்ளைகளோடு வேண்டாம். அங்கே இருக்கிற ஆசிரியர்களுக்கோ நர்சுகளுக்கோ சொல்லிக் கொடுக்கிற மாதிரி யாராவது கேட்டால் போகட்டும். அவர்கள் கேட்கவேண்டும், அதுதான் முக்கியம். நாங்கள் போனபோது யாரும் எங்களைக் கேட்டிருக்கவில்லை. உங்கள் வேலையைப் பாதி சிங்கப்பூரிலிருந்தே செய்யலாம். வீட்டுக்காரர் இன்னமும் மாதக் கடைசியில் அந்த அமைப்பின் கணக்கை இங்கிருந்தே பார்க்கிறார். போன மாதம் சைக்கிள் டியூபுக்கு 6,000 ரியல் ரசீது இல்லை என்று ரெண்டு நாள் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். ஒன்றரை டாலர்! நான் அந்தப் பக்கமே போகவில்லை.

யாராவது குற்றப் பின்னணிச் சான்றிதழ் கேட்காமல் உங்களைப் பிள்ளைகளிடம் விட்டால், அந்த இடத்திலிருந்து அப்படியே திரும்பி வந்துவிடுங்கள். எங்களிடம் அந்த இல்லத்தில் பாஸ்போர்ட் நகல்கூடக் கேட்கவில்லை. இரண்டாவது இடத்தில் போலீஸ் சான்றிதழ் வரும்வரை அலுவலகத்துக்கு உள்ளேயே விடவில்லை.

குழந்தை. 2020-இல் கொரோனாவில் பயணிகள் வரத்து நின்றதும் இல்லத்துக்குப் பணமும் நின்றது. கொஞ்ச நாளில் மூடிவிட்டார்கள். சமையல்கார அம்மா ஒரு குரல் செய்தி அனுப்பினார், அதை எங்கள் பெண்தான் கேட்டுச் சொன்னாள், எனக்குப் பாதிதான் புரிந்தது. குழந்தையின் அம்மா தாய்லாந்து போய்விட்டாள், குழந்தை பாட்டியிடம் கிராமத்தில் இருக்கிறது என்றாள். எந்தக் கிராமம் என்று தெரிந்ததும் அந்த அமைப்புக்குச் சொன்னேன். அவர்கள் போகிற பகுதியில் அது இல்லை. வேறு ஒருவரிடம் சொல்லியிருப்பதாகச் சொன்னார்கள். அதற்குமேல் நான் கேட்கவில்லை. முகநூலில் போட்ட படத்தை எடுத்துவிட்டேன், ஆனால் யார் யார் பகிர்ந்தார்களோ அங்கெல்லாம் இருக்கிறது.

கரிசல்காடு:
தங்கச்சி, நான் முதலில் கொஞ்சம் சூடாக எழுதிவிட்டேன். அந்த அமைப்பு மாதிரி அரிசி மூட்டை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தால் நான் விடுதிக்குப் போயிருப்பேனா என்று ராத்திரி முழுக்க யோசித்தேன். போயிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது, எங்கள் ஊரில் ஐந்தாவதுக்கு மேல் பள்ளிக்கூடமே இல்லை. ஆனால் என் தம்பி கண்டிப்பாக வீட்டில் இருந்திருப்பான். அவனை அனுப்பியது சோற்றுக்கு மட்டும்தான். அவனுக்கு அப்போது ஐந்து வயது.

தேக்கா:
எல்லாருக்கும் நன்றி. முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்று நாளைக்கு ஏஜென்சிக்கு போன் செய்யப்போகிறேன்.

நொய்யல்:
போனில் வேண்டாம், மின்னஞ்சலில் கேளுங்கள். நாங்கள் போனில் கேட்டோம், பாதிதான் வந்தது.